மாமனாரை இப்பவே அப்ளை பண்ணச் சொல்லுங்க

சகோ, உங்க மாமனார் சிகாகோ தீயணைப்புல இருந்து ரிட்டயர் ஆனவர், மனைவியோட சோஷியல் செக்யூரிட்டில (அமெரிக்க அரசு ஓய்வுக்காலத் தொகை) கணவரா தனக்கு ஒண்ணும் வராதுன்னு அன்னைக்கு அப்ளையே பண்ணல, இப்ப பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா பண்ணலாம். முன்னாடி அவரோட சிட்டி பென்ஷன்ல மூணுல ரெண்டு பங்கு அளவுக்கு, மனைவி கணக்குல வர்ற கணவர் பங்குல கழிச்சிருவாங்க, அதாவது பென்ஷன் 3,000 டாலர்னா கணவர் பங்குல 2,000 போயிரும், அப்புறம் அதுல என்னங்க மிஞ்சும்? உயிரைக் கொடுத்து வேலை பார்த்தவங்களுக்கு ரொம்ப அநியாயம் அது. 2025 ஜனவரி 5 கையெழுத்தான சட்டம் அந்தக் கழிவை 2024 ஜனவரில இருந்தே எடுத்துருச்சு. ஆனா அப்ளை பண்ணாதவங்களுக்குப் பணம் தானா வராது, பழைய பாக்கியும் பொதுவா 6 மாசம்தான் பின்னாடி போகும், அதனால தள்ளிப்போடாதீங்க. சிட்டி பென்ஷன்ல இதனால கை வைக்க மாட்டாங்க, அந்தப் பயம் வேண்டாம். கல்யாண சர்டிபிகேட்டை இப்பவே தேடி வைங்க.