பனிக்கட்டி ஏரியில் தூண்டில் போடும்போது பர்பாட் மாட்டினால் எப்படிச் சுத்தம் செய்து சமைப்பது? சாப்பிடத் தகுந்த மீன்தானா?

தாராளமாகச் சாப்பிடலாம். கனடாவின் மானிடோபா மாகாணத்தில் வின்னிபெக் ஏரிக்குப் பிக்கரல் மீன் பிடிக்கப் போகிறவர்களில் பலர் இது மாட்டினால் முகம் சுளித்துப் பனியிலேயே வீசிவிட்டு வருகிறார்கள். பார்க்க அழகில்லைதான். பாம்புக்கும் கெளுத்திக்கும் நடுவில் ஒரு தோற்றம், தாடையில் ஒற்றை மீசை, உடம்பெல்லாம் வழவழப்பு. போதாததற்குத் தூக்கியவர் கையை வாலால் சுற்றிக்கொள்ளும். கடிக்காது, முள் குத்தாது, பயப்பட வேண்டாம். ருசியில் பிக்கரலுக்கு ஒரு படி மேல் என்பது என் கட்சி.

காரணம் அதன் வம்சம். இது காட் மீனின் உறவு. காட் கூட்டத்தில் மற்றவை கிட்டத்தட்ட எல்லாமே கடலில் இருக்க, இது மட்டும் முழுக்க நன்னீரில் தங்கிவிட்டது. மானிடோபாவில் மரையா என்பார்கள், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஈல்பவுட், கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் லோஷ். மினசோட்டாவின் வாக்கர் என்ற சிற்றூரில் 1979-இல் தொடங்கி ஆண்டுதோறும் இதற்கு ஒரு திருவிழாவே எடுத்தார்கள். மீனுக்கு முத்தம் கொடுப்பது அங்கே ஒரு சடங்கு. நான் கொடுக்கமாட்டேன்.

மற்ற மீன்கள் சோம்பிக் கிடக்கும் நடுக்குளிரில்தான் இதற்குச் சுறுசுறுப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை, பனிக்கட்டிக்கு அடியிலேயே, ராத்திரியில் கூட்டமாகக் கூடி முட்டையிடும். அதனால் பொழுது சாய்ந்த பிறகுதான் அதிகம் மாட்டும்.

சரி, சுத்தம் செய்வது. பிடித்தவுடன் தலையில் ஒரு போடு போட்டு, செவுளை அறுத்து ரத்தத்தை வடியவிடுங்கள். அப்படியே பனியில் போட்டுவிடாதீர்கள். மைனஸ் இருபதில் கொஞ்ச நேரத்திலேயே கட்டையாகிவிடும், பிறகு தோல் உரியாது. வீட்டில் உருக வைத்து உரித்து, மிச்சத்தை மறுபடி ஃப்ரீசரில் வைத்தால் சதை ரப்பர்தான். ஒரு வாளியில் ஏரித் தண்ணீர் எடுத்து, பனிமேல் போட்ட தூண்டில் குடிலுக்குள் ஹீட்டருக்கு எட்டத் தள்ளி வைத்து, அதில் போட்டு வையுங்கள்.

விரால் கழுவிப் பழகிய கை என்றால் வழவழப்பை எடுக்கக் கல் உப்போ சாம்பலோ தேடும். இங்கே அந்தப் பாடு தேவையில்லை, தோல் முழுவதும் போகப்போகிறது. செதில் உண்டு, ஆனால் தோலுக்குள் புதைந்த பொடிச் செதில். சுரண்டுவது வெட்டி வேலை. கை வழுக்காமல் இருக்கப் பழைய துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

ஒரு பலகையில் தலையை ஆணி அடித்து நிறுத்துங்கள். தலைக்குப் பின்னால், பக்கத் துடுப்புகளையும் சுற்றி, தோல் மட்டும் அறுபடும்படி ஒரு வட்டம் கீறுங்கள். வயிற்றுப் பக்கம் கத்தி ஆழமாகப் போகக் கூடாது. உள்ளே பித்தப்பை இருக்கிறது, அது உடைந்தால் பக்கத்துச் சதையெல்லாம் கசந்துபோகும். கீறிய இடத்தில் தோலின் விளிம்பைக் குறடால் பிடித்து வாலை நோக்கி இழுத்தால், ஈர சாக்ஸைக் கழற்றுவது போல மொத்தமாக உரிந்து வரும். முதுகுத் துடுப்பருகே கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அங்கே மட்டும் கத்தி நுனியால் உதவுங்கள்.

உரித்தபின் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் தலையிலிருந்து வால்வரை நீளமாக இரண்டு சதைத்துண்டுகள் கிடைக்கும். நல்ல சதை அவ்வளவும் அங்கேதான். பைக் மீனைப் போலச் சதைக்குள் ஒளிந்திருக்கும் கவட்டை முள் இதில் இல்லை, குழந்தைகளுக்குத் தைரியமாகக் கொடுக்கலாம். வயிற்றுப் பக்கச் சதை மெலிசு, நான் அதைச் சூப்புக்கு ஒதுக்கிவிடுவேன். ஒரு எச்சரிக்கை: பல மாகாணங்களில் மீனை வீட்டுக்குக் கொண்டுபோகும்வரை இன்ன மீன் என்று தெரியும்படி துண்டில் கொஞ்சம் தோலை விட்டிருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஏரியிலேயே உரிப்பதாக இருந்தால் உங்கள் பகுதியின் அந்த ஆண்டு விதிமுறைக் கையேட்டைப் பாருங்கள். எனக்கு வீட்டுக் கராஜில் உரிப்பதுதான் வசதி. விரலாவது விறைக்காது.

இப்போது வயிற்றைக் கிழியுங்கள். வெளிர்மஞ்சளாக, மீனின் அளவுக்குப் பொருந்தாத பெரிய ஈரல் ஒன்று இருக்கும். இந்த மீன் கொழுப்பையெல்லாம் சதையில் வைக்காமல் ஈரலில்தான் சேர்த்துவைக்கிறது. வைட்டமின் ஏ, டி இரண்டும் அதில் ஏராளம். 1930-களில் மினசோட்டாவின் பாடெட் ஊரில் இந்த ஈரல் எண்ணெயை எடுத்து மருந்தாகவே விற்றார்கள். மெக்கென்சி ஆற்று முகத்துவாரத்தில் வாழும் குவிச்சின் பழங்குடி மக்களுக்கு லோஷ் ஈரல் என்றால் விருந்து. பித்தப்பையை உடையாமல் நீக்கி, ஈரலைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளோ சின்னக் கட்டிகளோ இருந்தால் ஒட்டுண்ணிப் புழுவின் கூடுகள். அப்படிப்பட்ட ஈரலை யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். சுத்தமாக இருந்தால் பாலில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, வெண்ணெயில் சிறுதீயில் உள்வரை வேகவிட்டு, உப்பு மிளகு தூவி ரொட்டியோடு சாப்பிடலாம். வைட்டமின் ஏ மிகுதி என்பதால் கர்ப்பிணிகள் தொடக்கூடாது, மற்றவர்களும் இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம்.

சமையலில் என் ஒரே வேண்டுகோள்: முதல் தடவை மீன் மசாலா பாக்கெட்டைத் திறக்காதீர்கள். கொழுப்பில்லாத, லேசாகத் தித்திக்கும் வெள்ளைச் சதை இது. புளிக்குழம்பில் போட்டால் குழம்பு நன்றாக இருக்கும், மீன் எங்கே போனதென்று தெரியாது.

இந்த ஊர்க்காரர்கள் இதை ஏழைகளின் லாப்ஸ்டர் என்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பும் அதே அளவு சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவிட்டு, இரண்டு அங்குலத் துண்டுகளை அதில் இட வேண்டும். சர்க்கரைக்குப் பதில் செவன்அப் ஊற்றுகிறவர்களும் உண்டு. மூன்று நான்கு நிமிடத்தில் துண்டு வெள்ளையாகி, முள்கரண்டியால் தொட்டால் இதழ் பிரியும். அந்த நொடியில் எடுத்துவிடுங்கள், விட்டால் விறைத்துக்கொள்ளும். பூண்டு தட்டிப் போட்டு உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டியதுதான். லாப்ஸ்டர் என்பது கொஞ்சம் மிகை, நண்டுக்கு அருகில் வரும் என்று சொல்லலாம்.

நம்ம கைக்கு இதைவிட நன்றாக வருவது சொதி. திருநெல்வேலிக் கல்யாணச் சொதி இல்லை, யாழ்ப்பாணத்து மீன் சொதி. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள் போட்டுத் தேங்காயின் இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, மீனைப் போட்டு, வெந்ததும் முதல் பாலை ஊற்றி ஒரு கொதிக்கு முன்னே இறக்கி எலுமிச்சை பிழிவது. மீன் உடையாமல் முழுசாக நிற்கும். பின்லாந்துக்காரர்களும் இதையேதான் வேறு சாமானில் செய்கிறார்கள்: தலையும் முள்ளும் வேகவைத்த தண்ணீரில் உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆல்ஸ்பைஸ், பால், கடைசியில் டில் இலை. சினை கிடைத்தால் அதை உப்புப் போட்டு, புளித்த க்ரீமும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்து பிளினி என்ற சின்ன அப்பத்தின் மேல் வைத்துத் தனியாகச் சாப்பிடுவார்கள்.

பொரிக்கலாமா என்றால் பொரிக்கலாம். சதையில் நீர்ப்பற்று அதிகம், துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். உப்பு, மிளகுத்தூள், அரிசிமாவு போதும்.

பச்சையாகவோ அரைவேக்காடாகவோ மட்டும் வேண்டாம். நன்னீர் மீன்களில் வரும் நாடாப்புழு இதிலும் இருக்கக்கூடும். உள்ளே 63 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் செத்துப்போகும். வெளியே பனியில் கிடந்ததே, உறைந்துதானே போயிற்று என்று நம்பாதீர்கள். புழு சாக வேண்டுமானால் மைனஸ் 20-இல் ஏழு நாள் இடைவிடாமல் இருக்க வேண்டும், வெளிக்குளிர் அப்படி நிலையாக இருக்காது. அதோடு இது மற்ற மீன்களைத் தின்னும் மீன், பெரிசாக வளர வளரப் பாதரசம் சேரும். வாரம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று ஏரிவாரியாக மாகாண அரசு பட்டியல் வெளியிடுகிறது. ஒன்றிரண்டு கிலோ மீனாகப் பார்த்து வைத்துக்கொண்டு பெரியதைத் திருப்பி விட்டுவிடுவது என் வழக்கம்.

பிடித்த அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள். மிஞ்சிப்போனால் துண்டுகளை வெற்றிடப் பையில் அடைத்து ஃப்ரீசரில் வைத்து, சீக்கிரமே சொதிக்கு எடுத்துவிடுங்கள். வெண்ணெயில் தோய்க்கப் புதுசுதான் லாயக்கு.