கடலோரக் கேள்விகள்: மணலுக்குக் குறுக்கே நின்றது யார்?

(பதில் சொல்பவர்: கடலூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்)

அப்பா காலத்தில் காந்தி சிலையிலிருந்து இறங்கினால் அகலமான மணல் இருந்ததாம். இப்போது கருங்கல்தான். கடல் பொங்கிவிட்டதா ஐயா?
– வைத்திக்குப்பம் வாசகர், புதுச்சேரி

கடல்மட்ட உயர்வு ஒருபக்கம் இருக்கட்டும். உங்கள் மணல் காணாமல் போனதற்கு முதல் காரணம் அது இல்லை. நம் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை, நடக்கிறது. சோழகக் காற்று (தென்காற்று) வீசும் மாதங்களில் அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மணலைச் சரிவாக மேலேற்றும். திரும்பும்போது தண்ணீர் நேராக இறங்கும். இப்படிக் கோணல்மாணலாக ஒவ்வொரு துகளும் வடக்கே நகரும். வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பி வரும். ஆண்டுக் கணக்கு பார்த்தால் சில லட்சம் கன மீட்டர் வடக்கே போயிருக்கும்.

1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல்லடுக்கித் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணல் அதன் தெற்கே தேங்கியது, வடக்கே பட்டினி. அலை வழக்கம்போல எடுத்துக்கொண்டு போனது, ஈடுகட்டத்தான் மணல் வரவில்லை. சாலையைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். சாலை பிழைத்தது. ஆனால் கல்லில் மோதித் திரும்பும் அலை, காலடி மணலையும் அரித்துவிடும்.

1962இல் திறந்த புதுச்சேரியின் பழைய துறைமுகப் பாலத்தை நினைத்துப் பாருங்கள் (அதில் ஒரு பகுதி 2022இல் இடிந்து விழுந்தது). அதுவும் கடலுக்குள் நீண்டதுதான், ஆனால் தூண்கள்மேல் நின்றது. இடையில் மணல் போய்க்கொண்டே இருந்தது.

இது யாருக்கும் தெரியாத சங்கதியும் இல்லை. சென்னைத் துறைமுக வேலை 1876இல் தொடங்கியபின் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் கரைந்தது. நூறு வருடத்துக்குப் பிறகும் அதே பாடத்தை நாம் மறுபடி படித்தோம் என்பதுதான் எனக்கு எரிச்சல். புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி நீருக்கடியில் எஃகுத் தடுப்பை இறக்கிய பிறகு அங்கே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

கோடையில் பெண்ணையாற்று முகத்துவாரம் அடைத்துக்கொள்கிறது, படகு போக முடியவில்லை. மழையில் தானே திறந்துகொள்கிறது. எப்படி?
– தாழங்குடா வாசகி, கடலூர்

ஆறும் கடலும் தள்ளுமுள்ளு செய்கின்றன, அம்மா. ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் அலைதான் ஜெயிக்கும். வாயில் மணல்திட்டு போடும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்தால் திட்டு உடையும். உடைவதோடு, ஆறு புது மணலையும் கடலுக்குக் கொடுக்கிறது. அணையில் தேங்குவது, லாரியில் போவது எல்லாம் போக மிச்சம்தான் கரைக்கு.

பாடப்புத்தகத்தில் கடல் வளைவு, கடல் தூண் எல்லாம் இருக்கிறதே. தேவனாம்பட்டினத்தில் ஏன் இல்லை?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மஞ்சக்குப்பம்

அதற்குக் கெட்டியான பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அலை இருபுறமும் குடைந்து குகையாக்கும், குகைகள் சந்தித்தால் வளைவு, வளைவின் கூரை விழுந்தால் தூண். நம் ஊரில் ஆறு கொண்டுவந்த வண்டலும் மணலும்தான். விசாகப்பட்டினம் போனால் மங்கமாரிப்பேட்டையில் ஒரு வளைவைப் பார்க்கலாம்.

எங்கள் குப்பத்தில் வீடுகள் போகின்றன. தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு) கேட்டு மனு கொடுக்கலாமா?
– பொம்மையார்பாளையம் வாசகர்

கொடுங்கள், உங்கள் வீடு உங்களுக்குப் பெரிது. ஆனால் அது உங்கள் தெற்குப் பக்கத்தில் மணல் பிடிக்கும். அடுத்த வருடம் வடக்கே உள்ள ஊர்க்காரர் மனுவோடு நிற்பார். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: துறைமுக வாயில் தூர்வாரும் மணலை வடக்குக் கரையில் கொண்டுவந்து கொட்டச் சொல்லுங்கள். ஒரு தடவை போதாது, வருடா வருடம்.