முகமில்லாத தளபதி: உடைந்ததா, செதுக்காமல் விட்டதா?

வாசகர் கேள்வி: ரோமில் பலாட்சோ மாசிமோ அருங்காட்சியகத்தில் போர்க்காட்சி செதுக்கிய பளிங்கு ஈமப்பேழை ஒன்றைப் பார்த்தேன். சுற்றியுள்ளவர்களுக்கெல்லாம் முகம் இருக்க, நடுவில் குதிரைமேல் வரும் தளபதிக்கு மட்டும் முகம் இல்லை. அது உடைந்ததா, தேய்ந்ததா, முடிக்காமல் விட்டதா? இதுபோன்ற பேழைகளில் வேறுபாட்டைப் பார்த்தே அறிய முடியுமா?

நீங்கள் பார்த்தது ஏறத்தாழ கி.பி. 180இல் செய்யப்பட்டு, 1931இல் ரோமின் போர்த்தொனாச்சோ பகுதியில் கண்டெடுக்கப்பட்ட பேழை. அந்த முகம் உடையவும் இல்லை, தேயவும் இல்லை. சிற்பி அதைச் செதுக்காமலே விட்டிருக்கிறார்.

வேறுபாட்டை அறியப் பேழைக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். உடைந்த முகத்தில் கல் குறைந்திருக்கும். செதுக்காத முகத்தில் கல் கூடுதலாக இருக்கும். மூக்குக்கும் நெற்றிக்கும் முடிக்கும் வேண்டிய கல்லைச் சிற்பி முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதால், அந்த இடம் உருண்டையாகப் புடைத்து நிற்கும். அதன்மேல் உளி சென்ற தடம் பெரும்பாலும் தெரியும். உடைந்த இடமோ ஒழுங்கற்ற பள்ளமாக, கற்கண்டை உடைத்தாற்போலச் சொரசொரப்பாக இருக்கும். மழையில் தேய்ந்த முகத்தில் மூக்கும் கன்னமும் மழுங்கியிருந்தாலும், துளைக்கருவியால் ஆழமாகக் குடைந்த கண்ணோரங்களும் சுருள்முடியின் குழிகளும் எஞ்சியிருக்கும். பிற்காலத்தில் ஒட்டவைத்த மூக்கையும் தலையையும், மெல்லிய இணைப்புக் கோடும் கல்லின் நிற மாற்றமும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் விட்டார்கள்? உடல்களையும் காட்சியையும் பட்டறையில் செதுக்கி முடித்து, முகத்தை மட்டும் வாங்குபவரின் சாயலில் பிறகு செதுக்குவது அன்றைய வழக்கம். வத்திக்கானில் உள்ள ஒரு பேழையில் கிரேக்கப் புராண வீரன் அக்கிலீசும் அமேசான் அரசி பெந்தசிலேயாவும் 3ஆம் நூற்றாண்டுத் தம்பதியின் முகங்களோடு இருக்கிறார்கள். புராண வீராங்கனைக்கு அக்காலத்துச் சீமாட்டியின் கொண்டை. பாரிசின் லூவரில் உள்ள பேழையிலோ உறங்கும் கிரேக்கப் புராண இளவரசி அரியாத்னேயின் முகம் செதுக்கப்படாமலே நின்றுவிட்டது.

சாவு திடீரென வந்ததால் நேரம் போதவில்லை என்பதும், பணம் போதவில்லை என்பதும் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். போர்த்தொனாச்சோ பேழைக்கு இவை எனக்கு நிறைவாகப் படவில்லை. மூடியில் குழந்தையைக் குளிப்பாட்டும் காட்சியும் கணவனும் மனைவியும் வலக்கை கோக்கும் காட்சியும் உள்ளன. அங்கும் அத்தம்பதியின் முகங்களே வெற்றாக இருக்கின்றன. இவ்வளவு நுணுக்கமான வேலைக்குச் செலவழித்தவர்களுக்குச் சில முகங்களுக்கு மட்டும் பணம் இல்லாமற்போயிருக்காது. உயிரோடு இருக்கும்போதே வாங்கி வைத்த பேழையாக இருந்து, இறந்தபின் முகம் செதுக்கும் பொறுப்பை வாரிசுகள் ஏற்காமல் விட்டிருக்கலாம் என்பதே என் கருத்து. அதே பேழையின் இரு ஓரங்களிலும் வெற்றிச் சின்னங்களின் அடியில் நிற்கும் கைதிகளை அவசியம் பாருங்கள்: தோற்றவர்களின் துயரம் முகத்தில் முழுமையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பேழையின் பின்புறம் வெறுமையாக இருந்தால் அதையும் முடிக்காத வேலை என்று கருதிவிட வேண்டாம். ரோமில் பேழையைக் கல்லறைச் சுவரை ஒட்டி வைப்பார்கள் என்பதால் முன்பக்கத்தையும் இரு பக்கவாட்டுகளையும் செதுக்கினாலே போதுமானது. ஏதென்சு, சிற்றாசியா பட்டறைகளிலிருந்து வந்த பேழைகளில்தான் பெரும்பாலும் நான்கு பக்கமும் சிற்பம் இருக்கும்.