நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டரில் எந்தக் குமிழ் எதற்கு?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ வாங்கினேன், மேனுவல் இல்லை. ட்ரிம், ஃபேடர், பான், டேப் கியூ எல்லாமே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரிதான் இருக்கின்றன. எதை எப்போது தொடுவது?

எனக்கும் முதல் வாரம் முழுக்க இதே குழப்பம்தான். டேப்புக்குள் போகிற சத்தத்துக்கு ஒரு வழி, டேப்பிலிருந்து உங்கள் காதுக்கு வருகிற சத்தத்துக்கு இன்னொரு வழி, இரண்டுக்குமான குமிழ்களை ஒரே பலகையில் நெருக்கி வைத்துவிட்டார்கள். எதைத் தொடும் முன்னாலும் இது போகிற வழியா வருகிற வழியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ட்ரிம் போகிற வழியின் வாசல். மைக்கிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது, அதற்கு ட்ரிம் நிறைய வேண்டும். கீபோர்டுக்குக் கொஞ்சம் போதும். ஃபேடரை, அதாவது மேலும் கீழும் நகர்த்தும் கட்டையை, 7க்கும் 8க்கும் நடுவில் நிறுத்திவிட்டு, சத்தமாகப் பாடும் இடத்தில் மீட்டர் முள் 0வைத் தொடும்வரை ட்ரிம்மைத் திருப்புங்கள். ட்ரிம்மைக் குறைவாக வைத்து ஃபேடரை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். தலைகீழாகச் செய்தால் குரல் வாசலிலேயே பிசிறிவிடும், அப்புறம் ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் அந்தப் பிசிறு போகாது.

பான்தான் பலரையும் ஏமாற்றும். மிக்ஸ் செய்யும்போது அது இடது காது, வலது காது, சரி. ஆனால் பதிவு செய்யும்போது பல மாடல்களில் அதுவே ட்ராக்கைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் மாதிரி: இடது பக்கம் திருப்பினால் 1 அல்லது 3, வலது பக்கம் என்றால் 2 அல்லது 4. அந்தந்த ட்ராக்கின் ரெக்கார்ட் சுவிட்சையும் போட்டிருக்க வேண்டும்.

டேப் கியூ உங்கள் ஹெட்போனுக்கு மட்டும். முதல் ட்ராக்கில் கிட்டார் வாசித்துவிட்டு இரண்டாவதில் பாட உட்கார்ந்தேன், கிட்டார் காதில் கேட்கவேயில்லை. சேனல் ஃபேடரை ஏற்றிக்கொண்டே போனேன், ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சேனலின் சுவிட்ச் இன்னும் மைக்கில்தான் இருந்தது. கியூ குமிழைத் திருப்பியதும் கிட்டார் வந்தது. கியூவை எப்படித் திருப்பினாலும் பதிவுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாமல் விளையாடலாம்.

பவுன்ஸ் என்பது 1, 2, 3ஐக் கலந்து 4இல் பதிவதுதான், அப்புறம் அந்த மூன்றிலும் புதிதாகப் பதியலாம். மூன்று சேனல்களையும் டேப் பக்கம் போட்டு, பான் குமிழை முழுசாக வலது பக்கம் திருப்ப வேண்டும். நாலாவது சேனலின் ஃபேடரை மட்டும் இறக்கியே வையுங்கள். நான் மறந்துபோய் அதையும் ஏற்றிவைத்தேன், தன் சத்தத்தையே தானே விழுங்கிக்கொண்டு அது ஊளையிட்ட ஊளையில் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். பவுன்ஸில் மேல் ஸ்தாயிச் சத்தம் கொஞ்சம் மங்கும், அதனால் மேல் ஸ்தாயியைக் கூட்டிக் குறைக்கும் ஹை ஈக்யூ குமிழைச் சற்றே கூட்டிப் பதியுங்கள். 1, 2, 3இன் மேல் வேறு எதையாவது பதிந்துவிட்டால் அந்தக் கலவையைப் பிரிக்க முடியாது.

பிட்ச் குமிழ் டேப்பின் வேகத்தை மாற்றும். நடுவில் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஒரு நாள் அது லேசாக நகர்ந்திருந்தது தெரியாமல் பதிந்தேன், மறுநாள் நடுவில் வைத்துவிட்டு கிட்டாரை எப்படிச் சுருதி சேர்த்தும் பழைய ட்ராக்கோடு ஒட்டவேயில்லை. டேப் இரைச்சலைக் குறைக்கும் டிபிஎக்ஸ் சுவிட்ச் இருந்தால், பதியும்போது எப்படி இருந்ததோ கேட்கும்போதும் அப்படியே இருக்கட்டும்.

கேசட்டில் குரோம் ரகமான டைப் 2 போடுங்கள். இரட்டை வேகத்தில், அதாவது நொடிக்கு 9.5 செ.மீ. ஓடும் மாடல் என்றால் இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம் ஓடும் சி-60 கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும், நாலு ட்ராக்கும் ஒரே திசையில் ஓடுவதால் மறுபக்கம் என்று ஒன்று கிடையாது. அதே கேசட்டை வீட்டு டூ-இன்-ஒன்னில் போட்டேன், 1உம் 2உம் மட்டும் பாதி வேகத்தில் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல வந்தன. திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னோக்கி. என் குரலைக் கேட்டு அம்மா டேப் சிக்கிக்கொண்டது என்றே நினைத்தார்.

இன்று பாட்டு எதுவும் வேண்டாம். மைக்கைச் சொருகி, ஒவ்வொரு ட்ராக்கிலும் அதன் நம்பரை மட்டும் சொல்லிப் பதியுங்கள். பிறகு கியூவை ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். மூன்றைத் திருப்பும்போது "ஒன்று" என்று கேட்டால் ரெக்கார்ட் சுவிட்சைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள், "நாலு" என்று கேட்டால் பான் குமிழையும் சேர்த்துப் பாருங்கள்.