ஊராட்சி எல்லை, ஏரி, கிராம சபை: கேள்வி பதில்

கேள்வி: பட்டாவில் ஒரு ஊர்ப் பெயர், வீட்டு வரி ரசீதில் வேறு ஊர்ப் பெயர். எது பிழை?

இரண்டுமே சரியாக இருக்கலாம். வருவாய் கிராமம் வேறு, கிராம ஊராட்சி வேறு. பட்டா, சிட்டா, அடங்கல் போன்ற நில ஆவணங்கள் எல்லாம் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), தாசில்தார் வழி. வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு எல்லாம் ஊராட்சி செயலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) வழி. ஒரே ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள் இருப்பதும் உண்டு. மனுவில் வருவாய் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, ஊராட்சி, ஒன்றியம் ஐந்தையும் எழுதுங்கள். ஒன்று விட்டாலும் மனு மேசை மேசையாக அலையும். இன்னொன்று: வரி ரசீது நில உரிமைக்கு ஆவணம் ஆகாது.

கேள்வி: ஏரிக்கரை பலவீனமாக இருக்கிறது. யாரிடம் சொல்வது?

ஆயக்கட்டைப் பாருங்கள். 100 ஏக்கருக்குள் என்றால் ஊராட்சி ஒன்றியம். அதற்கு மேல் நீர்வளத் துறை. பலர் ஏரியின் நீர்ப்பரப்பை அளந்துகொண்டு தவறான அலுவலகத்துக்குப் போகிறார்கள். ஆயக்கட்டு என்பது அந்த ஏரி பாயும் நிலம்.

கரையில் மண் கொட்டுவதோடு நிறுத்த விடாதீர்கள். உபரி நீர் வெளியேறும் கலங்கலைத்தான் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று கலங்கலில் மணல் மூட்டை அடுக்கினால், பெருமழையில் உபரி நீர் வெளியேற வழியில்லாமல் கரைமேல் ஏறும். மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் அறுத்துக்கொண்டு போய்விடும். கலங்கலுக்குப் பிறகு, பாசனத்துக்குத் தண்ணீர் விடும் மதகையும் ஏரிக்கு நீர் வரும் வரத்துக் கால்வாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பட்டாவிலும் வரி ரசீதிலும் ஊர்ப் பெயர் மாறி வருகிறதே?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: உத்தரமேரூரில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மக்களாட்சி இருந்ததுதானே?

தேர்வு முறை இருந்தது. மக்களாட்சி என்று சொல்ல மாட்டேன். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் தெளிவாகவே பேசுகின்றன. ஊரில் 30 குடும்புகள், அதாவது இன்றைய வார்டு போன்ற பிரிவுகள்; ஒவ்வொன்றிலும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் செய்தார்கள். ஆனால் பெயர் எழுதப்பட, வரி கட்டும் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது 35 முதல் 70. வேதப் பயிற்சியும் வேண்டும். அது பிரமதேயச் சபை, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊரின் சபை. மற்ற ஊர்களில் இருந்தது ‘ஊர்’ என்னும் அவை, வணிகருக்கு ‘நகரம்’.

கேள்வி: நம் பெருமையை ஏன் குறைக்கிறீர்கள்?

குறைக்கவில்லை. எனக்கு அந்தக் கல்வெட்டில் மிகப் பெரிதாகப் படுவது குடமே அல்ல. வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், உறுப்பினராக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் ஓலை எழுதக்கூடாது என்று விதித்தார்களே, அதுதான். ஏரிக்கென்று 6 பேர் கொண்ட தனி வாரியம் வைத்ததும் அப்படித்தான். இவற்றைச் சொல்லிப் பெருமைப்படுங்கள். பெண்களுக்கும் நிலமற்றவருக்கும் இடமில்லாத சபையை, பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இன்றைய ஊராட்சியோடு சமமாக வைக்காதீர்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் உலகத்தில் எங்கேதான் பெண்களுக்கு இடம் இருந்தது?

சரியான கேள்வி. அதனால் உத்தரமேரூரைக் குறை சொல்ல முடியாது. இல்லாததை இருந்ததாக எழுதுவதைத்தான் மறுக்கிறேன்.

கேள்வி: ஊராட்சி பேரூராட்சி ஆனால் நல்லதா?

நூறு நாள் வேலை என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் போய்விடும். அது ஊரகப் பகுதிக்கு மட்டும். வரியும் கட்டணமும் மாறும். கிராம சபையில் இதைப் பேசாமல் விடாதீர்கள்.

கேள்வி: பங்காளி பாதையை அடைத்துவிட்டார். ஊராட்சித் தலைவர் திறந்துவிடலாமா?

பட்டா நிலத்துப் பாதை என்றால் உரிமையியல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: கிராம சபையில் நாங்கள் சொன்னது தீர்மானத்தில் வரவில்லை.

கோரிக்கையை எழுத்தில் முன்கூட்டியே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானம் எழுதி முடித்த பிறகே பதிவேட்டில் கையெழுத்து; வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம். குறைவெண் வரம்பும், அதாவது கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையும், முக்கியம்: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. தீர்மான நகல் தராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கூட்டத் தேதி குறிப்பிட்டுக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு.