டம்மி டக்குக்குப் பிறகு நீர் கோர்த்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வயிற்றில் டம்மி டக் (தொங்கும் தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுத்து வயிற்றை இறுக்கும் அறுவை) செய்து பதினாறு நாள் ஆகிறது. உள்ளே கசியும் நீரை வெளியேற்ற வைத்த ட்ரெயின் குழாயை எடுத்த பிறகு, திரும்பிப் படுத்தால் அடிவயிற்றில் ஏதோ அலம்புகிற மாதிரி இருக்கிறது. வெறும் வீக்கம்தானா? (வாசகி, திருச்சி)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சீரோமா, அதாவது தோலுக்கு அடியில் நீர் கோர்த்திருப்பது போலத்தான் தெரிகிறது. இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு வருகிற தொல்லைகளில் மிகச் சாதாரணமானது இதுதான். ட்ரெயின் எடுத்த அடுத்த ஓரிரு வாரங்களில்தான் பெரும்பாலும் தலைகாட்டும்.

எப்படி வருகிறது என்றால், டம்மி டக்கில் தோலையும் கொழுப்பையும் சேர்த்து வயிற்றுத் தசைமேலிருந்து விலா எலும்புப் பக்கம் வரை உரித்துத் தூக்குகிறோம். உபரியை வெட்டிவிட்டு மீதியைக் கீழே இழுத்துத் தைக்கிறோம். அந்த இடத்தில் ஓடிய நுண்ணிய ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அறுபடுவதால் அங்கே வைக்கோல் நிறத்தில் நீர் கசியும். மேல்தோல் தசைமேல் ஒட்டிக்கொண்டால் நீர் தங்க இடமிருக்காது. ஒட்டுவதற்கு முன்பே குனிவது, நிமிர்வது, எட்டி எடுப்பது என்று அசைந்துகொண்டே இருந்தால் இரண்டு அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், நடுவில் இடைவெளி நிலைத்துவிடும்.

சாதாரண வீக்கம் காலையில் குறைந்து மாலையில் கூடும். விரலால் அழுத்தினால் சற்று நேரம் குழி நிற்கும். நீர் கோர்த்திருந்தால் தொடுவதற்குத் தண்ணீர் பாக்கெட் போல இருக்கும். ஒரு பக்கம் தட்டினால் அலை மறுபக்கம் போய்ச் சேரும். எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறீர்களோ அந்தப் பக்கம் புடைக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். உங்கள் சர்ஜனிடம் இந்த வாரமே காட்டுங்கள்.

ஒரு விஷயம்: இது கல்லீரல் கெட்டவர்களுக்கு வரும் 'வயிற்றில் நீர்' அல்ல. அது குடல் இருக்கும் அறைக்குள் சேருவது. இது தசைக்கு வெளியே, தோலடியில் சேருவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயந்துபோய் வருகிறவர்கள் உண்டு.

ட்ரெயினைச் சீக்கிரம் எடுத்துவிட்டதால்தான் எனக்கு இப்படி ஆனதா? என்னோடு செய்துகொண்ட தோழிக்கு ட்ரெயினே வைக்கவில்லை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. (வாசகி, கோவை)

ட்ரெயினில் சேரும் நீர் 24 மணி நேரத்துக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பது பரவலான வழக்கம். சிலர் 20 வரை காத்திருப்பார்கள். சிலர் அந்த அளவு இரண்டு நாள் தொடர வேண்டும் என்பார்கள். அதற்காக மாதக்கணக்கில் வைத்திருக்கவும் முடியாது, குழாய் வழியாகவே கிருமி உள்ளே போகும். ஒழுங்காக அளந்து எழுதி, குறைந்த பிறகு எடுத்தும் நீர் கோர்க்கலாம். அதனால் யாரையும் குறை சொல்லத் தேவையில்லை. குறித்து வைக்காமல் கண்ணளவில் 'கொஞ்சம்தான் டாக்டர்' என்று சொல்லியிருந்தால் அது வேறு கதை.

உங்கள் தோழிக்கு வேறு தையல் முறை இருந்திருக்கலாம். தூக்கிய தோலை உள்பக்கமாகத் தசையுறையோடு ஆங்காங்கே தைத்துவிட்டால் இடைவெளியே குறைந்துவிடும். பிரேசிலைச் சேர்ந்த பரூடியும் ஃபெரெய்ராவும் 1998இல் இந்த வகைத் தையலைப் பற்றி எழுதினார்கள். 2000இல் அமெரிக்காவின் ஹார்லன் போலாக்கும் டாட் போலாக்கும், இழுவையைப் படிப்படியாகப் பங்கிட்டுத் தைக்கும் முறையை வெளியிட்டார்கள். அப்படித் தைப்பவர்களில் பலர் ட்ரெயின் வைப்பதில்லை. அறுவை நேரம் கொஞ்சம் கூடும். நான் அந்தப் பக்கம் சாய்ந்தவன். ஆனாலும் நீரே கோர்க்காது என்று உத்தரவாதம் தருபவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

உடல் எடை அதிகம் உள்ளவர்கள், எடை குறைப்புக்கான பேரியாட்ரிக் அறுவைக்குப் பின் நிறைய எடை குறைந்தவர்கள், கூடவே நிறையக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனும் செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். தோழியோடு ஒப்பிடும்போது இதையும் பாருங்கள்.

நீர் கோர்க்கும் என்று அம்மா தண்ணீரே தர மாட்டேன் என்கிறார். மருந்துக்கடைக்காரர் நீர் பிரியும் மாத்திரை போடச் சொல்கிறார். (வாசகி, விருதுநகர்)

இரண்டும் வேண்டாம். குடிக்கிற தண்ணீர் நேராக அந்தக் குழிக்குப் போவதில்லை. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், முக்கினால் தையல் இழுபடும், ரத்தம் உறைகிற ஆபத்தும் கூடும். நீர் மாத்திரை சிறுநீரைத்தான் அதிகமாக்கும். தோலடியில் தேங்கியதை வற்ற வைக்காது. கிருமி இல்லாத நீருக்கு ஆன்டிபயாட்டிக்கும் தேவையில்லை. முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் நன்றாகச் சாப்பிடுங்கள், புண் ஆற புரதம் வேண்டும்.

திங்கட்கிழமை ஊசியால் 120 மில்லி எடுத்தார்கள். வியாழக்கிழமை மறுபடி 80. இப்படியே எத்தனை தடவை? (வாசகி, சென்னை)

அளவு இறங்கிக்கொண்டு வருகிறது, நல்லது. சிலருக்கு ஒரே தடவையில் நின்றுவிடும். சிலருக்கு வாரம் ஒன்றிரண்டு முறையாகச் சில வாரங்கள் ஆகும். அடிவயிற்றுத் தோல் இன்னும் மரத்துப்போயிருக்கும் என்பதால் ஊசி அதிகம் வலிக்காது. எடுத்த பிறகு, வயிற்றைச் சுற்றிப் போடும் பெல்ட்டை ஒழுங்காகப் போட்டு, இரண்டு மூன்று நாள் அடங்கி இருங்கள். எடுத்த அன்றே மாவாட்டி, துணி அலசினால் அது மறுபடி நிறையும்.

அளவு இறங்காமல் அதே இடத்தில் நின்றால், சிறு குழாய் ஒன்றை மறுபடி வைத்துவிடுவார்கள். சில இடங்களில் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தை உள்ளே செலுத்தி, அடுக்குகளை உறுத்தி ஒட்ட வைப்பார்கள். அது வலிக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மிகச் சிறிய தேக்கம் என்றால் தொடாமலே விட்டு வைப்பதும் உண்டு, உடலே உறிஞ்சிக்கொள்ளும்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல், ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லிவிட்டுச் செய்துகொண்டேன். இப்போது நீர் கோர்த்திருக்கிறது. சர்ஜன் இருக்கும் ஊருக்கு மறுபடி போனால் கேள்வி வரும். பக்கத்துக் கிளினிக்கில் ஊசியால் எடுத்துக்கொள்ளலாமா? (பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியவர்)

இந்தக் கடிதம் போல நிறைய வருகிறது. மறைத்தது உங்கள் உரிமை. ஆனால் மறைத்தவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, புடவை கட்டினால் தெரியாது என்று தள்ளிப்போடுகிறார்கள். நீர் வாரக்கணக்கில் தேங்கினால் அதைச் சுற்றி உடல் ஒரு உறையைக் கட்டிவிடும். அப்புறம் எத்தனை ஊசி போட்டாலும் தீராது.

பக்கத்துக் கிளினிக்கில் வேண்டாம். குத்துவது பெரிய வித்தையில்லை. எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் என்பதுதான் முக்கியம். சுத்தம் போதவில்லை என்றால், கிருமியே இல்லாத நீரில் நாமே சீழ் பிடிக்க வைத்ததாகிவிடும். சர்ஜனுக்குப் போன் செய்து நிலைமையைச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் சர்ஜன் அல்லது பொது அறுவை மருத்துவருக்குச் சீட்டு எழுதித் தர அவரால் முடியும். வீட்டில் ஒருவரிடமாவது, அக்காவோ தங்கையோ, உண்மையைச் சொல்லி வையுங்கள். நடு இரவில் காய்ச்சல் வந்தால் உங்களை அழைத்துப்போக ஆள் வேண்டும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், தோல் சிவந்து சுட்டால், தையலிலிருந்து கலங்கலாகவோ நாற்றமாகவோ வடிந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினால், அல்லது ஒரு கால் மட்டும் ஆடுசதையில் வீங்கி வலித்தால், அது நீர்கோர்த்தல் அல்ல, ரத்தக் கட்டியாக இருக்கலாம். ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

துபாயிலிருந்து வந்து சென்னையில் செய்துகொள்ளப் போகிறேன். பத்தாம் நாள் திரும்ப டிக்கெட் போடலாமா? (வாசகி, துபாய்)

பத்தாம் நாள் என்பது சரியாகத் தப்பான நாள். ட்ரெயின் அப்போதுதான் எடுத்திருப்பார்கள், அல்லது எடுத்தே இருக்க மாட்டார்கள். நீர் கோர்ப்பதே அதற்குப் பிறகுதான். நாலு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து வருவது காலில் ரத்தம் உறைவதற்கும் வழி. குறைந்தது மூன்று வாரம் ஒதுக்குங்கள், டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு டிக்கெட் போடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் ட்ரெயின் அளவுக் குறிப்பும் கையில் இருக்கட்டும். அங்கே பார்க்கப்போகும் டாக்டர் யார் என்பதை இங்கே வருவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

பெல்ட்டை இன்னும் இறுக்கிக் கட்டினால் நீர் வற்றுமா? பிரசவத்துக்குப் பிறகு துணி கட்டிய பழக்கம் இருக்கிறது. (வாசகி, தஞ்சாவூர்)

மூச்சு நிறைய வாங்க முடியாத அளவுக்கு இறுக்கினால் கெடுதல்தான். கால் ரத்தம் திரும்பி வருவது தடைபடும், தோலின் ரத்த ஓட்டமும் குறையும். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன வாரங்கள் மட்டும் போடுங்கள்.

அறுவை முடிந்து பத்து மாதம். தொப்புளுக்குக் கீழே கெட்டியான புடைப்பு. எடை போடவில்லை. கொழுப்பா? (வாசகி, சேலம்)

கொழுப்பாகவும் இருக்கலாம், தழும்புத் திசுவாகவும் இருக்கலாம். மேலே சொன்ன உறை கட்டிய பழைய நீராகவும் இருக்கலாம். கையால் தொட்டு மட்டும் சொல்ல முடியாது, ஸ்கேன் எடுங்கள். உறை என்றால், நீரோடு சேர்த்து அதையும் வெட்டி எடுத்து, அடுக்குகளைச் சேர்த்துத் தைக்க வேண்டியிருக்கும். பழைய தழும்பு வழியாகவே பெரும்பாலும் செய்யலாம். மசாஜ் சென்டரில் கரைத்துத் தருகிறேன் என்று சொன்னால் பணத்தை அங்கே கொடுக்காதீர்கள்.