காஸில் ராக்ரென்ட்: எந்தப் பதிப்பை வாங்குவது?

கேள்வி: மரியா எட்ஜ்வொர்த்தின் ‘காஸில் ராக்ரென்ட்’ நாவலை ஆன்லைனில் தேடினால் ஏகப்பட்ட பதிப்புகள் வருகின்றன. ஒரே கதைக்கு விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? மலிவானதை வாங்கினால் ஏதாவது விட்டுப்போகுமா?

பதில்: கதை விட்டுப்போகாது, குறிப்புகள் போகலாம். 1800-ல் வந்த நாவல், காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆக, நீங்கள் காசு கொடுப்பது குறிப்புகளுக்கும் கண்ணை உறுத்தாத அச்சுக்கும்தான்.

இந்த நாவலுக்குக் குறிப்பு ரொம்பவே தேவை. அயர்லாந்து நிலக்கிழார் குடும்பம் ஒன்று குடி, வழக்கு, சூது, கடன் என்று தலைமுறை தலைமுறையாகக் கரைந்துபோவதை, அந்த வீட்டுக் கிழட்டு ஊழியர் ‘தேடி குவர்க்’ (Thady Quirk) தன் பேச்சுவழக்கில், எஜமான விசுவாசம் துளியும் குறையாமல் சொல்லிக்கொண்டே போகிறார். அந்தக் குடும்பத்து எஜமானர்களில் ஒருவரான சர் முர்ட்டா நடத்திய 49 வழக்குகளில் 17-ஐத் தவிர ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்று அவர் பெருமையடிக்கும் இடத்துக்காகவே வாங்கலாம். சொத்து கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று சொல்லி உங்கள் காசை வீணாக்க மாட்டேன்.

ஆங்கிலேய வாசகருக்கு அயர்லாந்து வழக்கங்கள் புரியாது என்று முதல் பதிப்பிலேயே ஒரு சொல்விளக்கம் சேர்த்திருந்தார்கள். தேடி குவர்க் தன் கதையை ‘திங்கட்கிழமை காலை’ என்று தொடங்குகிறார் இல்லையா, அயர்லாந்தில் எந்தப் பெரிய காரியத்தையும் திங்கள் காலையில்தான் தொடங்குவார்கள் என்று அதன் முதல் குறிப்பே கிண்டலோடு விளக்குகிறது. வாங்கும் முன் மாதிரிப் பக்கங்களில் பொருளடக்கத்தைப் பாருங்கள். இந்தச் சொல்விளக்கம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பதிப்பாளர் பெயரே போடாத, ஆர்டர் வந்தபின் அச்சடிக்கும் பிரதிகளில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும், அதற்கு இலவசக் கோப்பே மேல்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் ஆக்ஸ்ஃபோர்ட் வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் அல்லது பெங்குவின் கிளாசிக்ஸ். பெங்குவினில் அதே ஆசிரியரின் ‘ஆன்வீ’ (Ennui) நாவலும் சேர்ந்தே வருகிறது. ‘ராக்ரென்ட்’ சின்னப் புத்தகம் என்பதால் என் ஓட்டு அதற்கே. பழைய பிரதி என்றாலும் சரிதான், ஆனால் விற்பவரிடம் அட்டைப் படத்தோடு பொருளடக்கப் பக்கத்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் சொன்ன பதிப்புக்குப் பதில் வேறொன்று வந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள்; இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.